நான் இடதா, வலதா? மகளுக்கு என்ன சொல்வது?

வெண்ணாற்றங்கரை:
தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள், "அரசியலில் நீங்கள் இடதா, வலதா?" என்று கேட்டாள். நீடாமங்கலம் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) கோயில் நிலம் குத்தகைக்குச் செய்கிறவன் நான். இருபது வயதில் நானும் தாராளவாதிதான். பேச, கல்யாணம் கட்ட, ஊரை விட்டுப் போக எவனையும் கேட்க வேண்டாம் என்பேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். 2020 வேளாண் சட்டங்கள் வந்தபோது மகளின் நண்பர் ஒருவர், "இனி எங்கே வேண்டுமானாலும் விற்கலாம், சுதந்திரம் அங்கிள்" என்றார். சட்டம் மறு வருஷமே வாபஸ் ஆகிவிட்டது, அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இந்தக் குறுவை நெல் அறுவடைக்கு வருவோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசு கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மெஷின் 19 காட்டியது. காயவைக்கக் களம் இல்லை. தார்ச்சாலையில் பாதியை மறித்துக் கொட்டி, காலால் கோடு இழுத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். பஸ்காரர் திட்டாத நாளில்லை. நாலாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் எட்டாத ஓரத்து நெல் முளைவிட்டது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டேன். அதுவும் என் சுதந்திரமான முடிவுதான்!

முன்பெல்லாம் ஊரே சேர்ந்து வாய்க்கால் தூர்வாரும். இப்போது ஆளுக்கொரு உரிமை இருக்கிறது, பொதுவாக ஒரு சிமெண்ட் களம் இல்லை. இப்படி நினைப்பதற்கு என்ன பெயர்?

கீழ்வேளூர்க்காரி:
களம் சரி அண்ணே. 'ஊரே சேர்ந்து' என்பதில்தான் எனக்குச் சண்டை. மண்வெட்டி பிடித்தது யார், கரையில் குடை பிடித்து நின்றது யார்? என் தாத்தா பண்ணையாள். பண்ணையாளைப் பாதுகாக்க 1952இல் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தகராறில்தானே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அன்றைக்கும் ஊர் இருந்தது. தனி ஆளின் உரிமைதான் இல்லை. அதை லேசாகப் பேசாதீர்கள்.

குடந்தை கணக்கு:
கொள்முதல் நிலையம் அரசு நடத்துவது. அங்கே அடிபட்டுவிட்டு தாராளவாதத்தைத் திட்டுகிறீர்களே சார். வாங்க நாலு பேர் போட்டிக்கு வந்தால் விலை தானாக ஏறும்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, ஒருத்தர் வந்தாரே. மழை விட்டதும் வந்தார்.

தங்கச்சி, குடை விஷயம் உண்மை. எங்கள் தாத்தா கரையில் நின்றவர்தான். 'ஊரே சேர்ந்து' என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். களம் இருக்கட்டும்.