கோர் கம்பெனி, லேப், பிளாண்ட்: இன்னும் மனசுல உறுத்துற ஒரு சம்பவம் இருந்தா எழுதுங்க

மெக்2011:
கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு கோர் கம்பெனி, அதாவது ஐடி இல்லாம நாங்க படிச்ச படிப்புக்கே வேலை தர்ற கம்பெனி, பேர் வேண்டாம். ஆப்டிட்யூட் டெஸ்ட் முடிஞ்சு லிஸ்ட் போட்டாச்சு. மெக்கானிக்கல்ல நாங்க மூணு பொண்ணுங்க பாஸ். டெக்னிக்கல் ரவுண்டுக்கு வராண்டாவுல நிக்கறோம். ஹெச்ஆர் லிஸ்ட்டோட வெளிய வந்தார். "ஸ்கேல் இருக்காம்மா?"ன்னு என்கிட்டதான் கேட்டார். கொடுத்தேன். என் ஸ்கேலை வெச்சே எங்க மூணு பேர் பேரையும் கோடு போட்டு அடிச்சார். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துட்டு, "ஷாப் ஃப்ளோர்ல மூணு ஷிப்ட்மா, உங்களுக்குத்தான் அடுத்த வாரம் ஐடி வருதே"ன்னார். பக்கத்துலயே எங்க துறைத் தலைவர், ஹெச்ஓடி. தெர்மல் பாடத்துல நான்தான் ஃபர்ஸ்ட்னு கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சுப் பாராட்டினவர். வாயே திறக்கலை. ஹெச்ஆர் மேல இருந்த கோபம் எப்பவோ போயிடுச்சு, சார் மேல இருக்கறது போகலை. இப்ப ஐடியில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், சம்பளம் நல்லாவே வருது. அதைச் சொல்லி யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

கன்ட்ரோல்ரூம்:
எனக்கு வேலை கொடுத்தாங்க. டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன், கெமிக்கல் பிளாண்ட். கன்ட்ரோல் ரூம் பக்கத்துல லேடீஸ் டாய்லெட் கிடையாது, அட்மின் பிளாக் போகணும், நடுவுல ஒரு கேட். போற நேரம், வர்ற நேரம், காரணம் மூணையும் செக்யூரிட்டி ரெஜிஸ்டர்ல எழுதணும். பிளாண்டை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கற ஷட்டவுன் சமயத்துல எனக்கு பீரியட்ஸ். அந்தப் பக்கம் முழுக்க என் பேர்தான் வரிசையா இருக்கு. நான் எழுதிட்டிருக்கப்ப பின்னால ஒரு ஃபிட்டர் நின்னு அத்தனை வரியையும் படிச்சார். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் 19ஆம் பிரிவுலயே இருந்துச்சு. இன்னைக்கும் எந்த ரெஜிஸ்டர்ல 'காரணம்'னு கட்டம் பார்த்தாலும் கை அப்படியே நின்னுடுது.

பேரிங்6205:
நான் உற்பத்திப் பிரிவு மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவன். மெக்2011 அம்மா, கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அதே தொழிற்சாலைச் சட்டத்துல 66ஆம் பிரிவைப் பாருங்க, ராத்திரி 7 மணியிலேர்ந்து காலை 6 வரைக்கும் பெண்களை ஃபேக்டரியில வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. எங்க பிளாண்ட்ல ஒரு பொண்ணு இருந்தா. மெஷின் பக்கத்துல நின்னு சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகுதுன்னு சொல்லிடுவா. அவளுக்குப் பகல் நேர ஜெனரல் ஷிப்ட் மட்டும் போட்டோம். பசங்க சண்டைக்கு வந்தாங்க. அவளே ராஜினாமா பண்ணிட்டா. எனக்கும் அது உறுத்தல்தான்.

ஆனா நீங்க மனசு விடக் கூடாது. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல அ. லலிதா 1943லயே எலக்ட்ரிக்கல் முடிச்சவங்க. 18 வயசுல கணவரை இழந்து, கைக்குழந்தையோட படிச்சாங்க. பக்ரா நங்கல் அணை வேலை வரைக்கும் பார்த்தாங்க. அந்தக் காலத்துலயே முடிஞ்சிருக்கு. டெஸ்டிங்கை விட்டுட்டு டிசைன் பக்கம் வாங்க. சாலிட்வொர்க்ஸ், அன்சிஸ்னு டிசைன் சாஃப்ட்வேர் ரெண்டும் கத்துக்கோங்க. கூடவே டிராயிங்ல அளவு, வடிவம் குறிக்கற முறையான ஜிடி அண்ட் டி கட்டாயம் படிங்க, டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம்னு தெரியாதவங்களை யாரும் எடுக்க மாட்டாங்க. சின்ன பட்டறைகள்ல சனி ஞாயிறு போய் நில்லுங்க. சம்பளம் குறைஞ்சா கவலைப்படாதீங்க, முதல்ல உள்ள நுழையணும்.

மெக்2011:
சார், லலிதா அம்மாவோட அப்பா அதே காலேஜ்ல பேராசிரியர். முதல்வர்கிட்ட அவரே போய்ப் பேசினார். எங்கப்பா லேத் பட்டறையில டர்னர், பட்டறையில நிக்கறதுக்கு எனக்குப் புதுசா யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்னைக்கு எனக்காகப் பேசக் கூடிய இடத்துல இருந்தது எங்க ஹெச்ஓடி ஒருத்தர்தான்.

66ஆம் பிரிவுல அந்த ராத்திரி வேலைத் தடை செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2000லயே சொல்லிடுச்சு. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை எல்லாம் கொடுத்துட்டு வேலைக்கு வைங்கன்னுதான் நிபந்தனை. எங்க பேரை அடிச்சது 2011ல. எங்களுக்காக வண்டி விட மனசில்லை, அவ்வளவுதான்.

"அவளே ராஜினாமா பண்ணிட்டா"ன்னு எழுதியிருக்கீங்க. பசங்க சண்டைக்கு வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க சார்?

தின்ஃபிலிம்:
இயற்பியல், மெல்லிய படலங்கள்ல பிஎச்.டி. உதவிப் பேராசிரியர் நேர்காணல். பயோடேட்டாவை ஒருத்தர் புரட்டிட்டே வந்து ஒரு பக்கத்துல விரல் வெச்சார். "இந்த இடைவெளியில வீட்டுல சும்மாவா இருந்தீங்க?" ரெண்டு பிரசவம், மாமியாருக்குப் பக்கவாதம். நான் பதில் சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள ஃபைலை மூடிட்டார்.

ஆய்வுவழி:
தோழி, இடைவெளி ஒரு தடையே இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில வைஸ்-கிரண்னு இருக்கு, வேலையில இடைவெளி விழுந்த பெண்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர்றாங்க. 2002-03ல தொடங்கின பெண் விஞ்ஞானிகள் திட்டத்தோட வழியில வந்ததுதான். ஆய்வுத் திட்டம் உங்களோடதா இருக்கணும், இடம் கொடுக்க ஒரு நிறுவனம் சம்மதிக்கணும். முதல்ல உங்க பழைய கைடுக்கு மெயில் போடுங்க. அப்புறம் ஏதாவது ஒரு லேப்ல, சாம்பிளோட படிக அமைப்பைக் காட்டற எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் எடுக்க அனுமதி கேளுங்க, பழைய சாம்பிள் இருந்தாலும் போதும், ஒரு சின்ன பேப்பராவது வரட்டும். முன்மொழிவுல செலவுப் பட்டியலைப் பெருசா போடாதீங்க, படலம் படிய வைக்கற ஸ்பட்டரிங் மெஷின் கேட்டா கிடைக்காது, கெமிக்கல், அந்த மெஷின்ல வைக்கற மூலப்பொருளான டார்கெட், பயணம் இதுக்குக் கேளுங்க. நேர்காணல்ல இடைவெளி பத்தி அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.

தின்ஃபிலிம்:
நன்றி. ஆனா நான் வழி கேக்கலை. அந்தப் பெண் விஞ்ஞானி திட்டத்துல மூணு வருஷம் ஆராய்ச்சி முடிச்சுட்டுத்தான் அந்த நேர்காணலுக்கே போனேன். அவர் விரல் வெச்ச பக்கத்துல அதுவும் இருந்துச்சு. "இது ரெகுலர் போஸ்ட் இல்லையே"ன்னு அந்த மூணு வருஷத்தையும் இடைவெளிக் கணக்குல சேர்த்துட்டாங்க. மறுபடி வாங்கன்னு அரசாங்கம் பணம் கொடுத்துக் கூப்பிடுது. வந்து செஞ்ச வேலையை அனுபவமா எழுதிக்க ஒரு காலேஜ் தயாரா இல்லை. இதுக்கு என்கிட்ட என்ன குறை இருந்துச்சுன்னு தேடித் தேடிப் பார்க்கறேன்.

பைனல்இயர்:
அக்காங்களுக்கு வணக்கம். நான் மெக்கானிக்கல் நாலாம் வருஷம். எங்க காலேஜுக்கு அடுத்த மாசம் ஒரு கம்பெனி வருது, நோட்டீஸ்ல 'ஆண்கள் மட்டும்'னே போட்டிருக்காங்க. கிளாஸ்ல நாங்க நாலு பொண்ணுங்க. பிளேஸ்மென்ட் ஆபீஸர் சார் நல்லவர், கேட்டா சங்கடப்படுவார்னு ரெண்டு பேர் தயங்கறாங்க. மெக்2011 அக்கா, அந்த 2000 தீர்ப்போட நகல் உங்ககிட்ட இருந்தா போடுங்க. இதை எதிர்த்து லெட்டர் எழுதினா பிளேஸ்மென்ட் ஆபீஸருக்குக் கொடுக்கணுமா, நேரா முதல்வருக்கா?