கார்க் நகரில் வாசற்கதவு ஏன் மாடியில் இருக்கிறது?

அலுவலக வேலையாக மூன்று மாதம் அயர்லாந்தின் கார்க் நகரில் தங்கியிருந்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் பாட்டில் தக்கைதான் நினைவுக்கு வந்தது. அதை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஐரிஷ் மொழியில் கொர்கக் என்றால் சதுப்பு நிலம். வாருங்கள், காட்டுகிறேன்" என்று தூறலில் குடைகூட இல்லாமல் சவுத் மால் தெருவுக்கு அழைத்துச் சென்றார்.

நான் தினமும் நடக்கிற தெருதான். அங்கே சில பழைய கட்டடங்களின் வாசற்கதவு தெருமட்டத்தில் இருக்காது. செங்குத்தான கற்படி ஏறவேண்டும். படிக்குக் கீழே வளைவு வைத்த குட்டைக் கதவு ஒன்று இருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியிருப்பார்கள் என்றேன். "தெருவே தண்ணீர்தானே அப்போது!" என்றார். லீ ஆற்றின் கால்வாய் அது. சரக்குப் படகு கீழ்க்கதவை ஒட்டி நிற்கும். படியேறினால் வணிகரின் வீடு. 18ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட கால்வாய்களை ஒவ்வொன்றாக மூடித் தெருவாக்கத் தொடங்கினார்கள். பெரிய கடைத்தெருவான செயின்ட் பேட்ரிக் தெரு வில்லாக வளைவதும் அதனால்தான். அடியில் ஆறு வளைந்த வளைவு அது. 2009 நவம்பரில் லீ பெருகி நகருக்குள் புகுந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்: "பழைய குடித்தனக்காரர் வீட்டைப் பார்க்க வந்தார்."

தக்கைக் கதை அதோடு முடியவில்லை. விடுதலைப் போர்க்கால ஆவணங்களில் ஊறிய ஆய்வாளர் ஒருவரைப் பிறகு சந்தித்தேன். எழுபது வயதிருக்கும் அம்மையார். 1920 டிசம்பர் 11 இரவு, தங்கள்மீது நடந்த பதுங்கித் தாக்குதலுக்குப் பழிவாங்க, பிரிட்டிஷ் துணைப்படையினர் நகரின் நடுப்பகுதிக்குத் தீ வைத்தார்கள். நகர மன்றமும் கார்னகி நூலகமும் எரிந்து போயின. அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை வெட்டினார்கள். நகர மக்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று பிரிட்டிஷ் அரசு சாதித்தது. "அதன் பிறகு அந்தப் படையினரில் சிலர் கருகிய தக்கையைத் தொப்பியில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். ஊர்ப் பெயர் புரிகிறதல்லவா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். பாட்டில் நகைச்சுவையை நான் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

*

மேலே எழுதியவர் ஆற்றைத் தாண்டி ஷாண்டன் மேட்டுக்குப் போகாமல் வந்துவிட்டார் போலிருக்கிறது! 1770இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை அங்கேதான் இருந்தது. வழிகாட்டி ஒருவர் துளைகோல் ஒன்றைக் காட்டினார். மரப்பீப்பாய்க்குள் அதைச் செருகி வெண்ணெயை உருவி எடுத்து, முகர்ந்து, சுவைத்துத் தரம் பிரிப்பார்களாம். சோதனை செய்பவரின் நாக்குதான் விவசாயியின் வரும்படி. உப்பு நிறையப் போட்ட வெண்ணெய் என்பதால் கரீபியத் தீவுகள் வரை கெடாமல் போனது. அதே உப்புதான் பிறகு காலை வாரியது என்றார் அவர்: உப்புக் குறைந்த டென்மார்க் வெண்ணெய் வந்ததும் ஆங்கிலேயர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1924இல் சந்தையை மூடினார்கள்.

*

அதே மேட்டில் இருக்கும் செயின்ட் ஆன் தேவாலயக் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். 1847இல் வைத்த கடிகாரத்துக்கு நான்கு முகம். நான்கும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை என்பதால் ஊரார் அதை 'நான்கு முகப் பொய்யன்' என்கிறார்கள். காற்று முட்களைத் தள்ளுகிறது என்றார் ஒருவர். மர முட்களின் கனம்தான் காரணம் என்றார் இன்னொருவர். எனக்காக இருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். எந்த முகத்தின் கால் மணி என்று கேட்காதீர்கள். மேலே ஏறினால் எட்டு மணிகளையும் நாமே அடிக்கலாம். எண் எழுதிய அட்டையைப் பார்த்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நான் ஐந்துக்குப் பதில் ஆறை இழுத்துவிட்டேன். அது ஊர் முழுக்கக் கேட்டது.