அயல்நாட்டின் வரலாற்று நாளில் நமக்குரிய இடம் எது?

கேள்வி (சியோல்)

அனைவருக்கும் வணக்கம். 2024 டிசம்பர் 3 அன்று இரவு பத்தரை மணியளவில் தென்கொரிய அதிபர் யூன் சொக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தேன். உடனிருந்த கொரியர்கள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கைபேசியைச் சுற்றிக் கூடினர். 1980இல் குவாங்ஜூ நகரில் இராணுவச் சட்டத்தை எதிர்த்த மக்களை இராணுவம் படுகொலை செய்ததைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தோழர் ஒருவர், முகம் வெளிறிப்போய், ஊரிலிருக்கும் தாயாரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், நாடாளுமன்றத்துக்குள் வந்து சேர முடிந்த 190 உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் இராணுவச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தனர். விடிவதற்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

அடுத்து வந்த நாட்களில், நாடாளுமன்றம் இருக்கும் யொய்டோ பகுதியில், அதிபரைப் பதவி நீக்கக் கோரி, இளம்பெண்கள், இசைக்குழு ரசிகர்களுக்கான ஒளிக்கோல்களை ஏந்தி நடுங்கும் குளிரில் நின்றனர். வர இயலாதவர்கள் அருகிலிருந்த கடைகளில் முன்பணம் கட்டி, முன்பின் அறியாதவர்களுக்குச் சூடான காபி கிடைக்கச் செய்தனர். அயல்நாட்டவர் அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபடுவதை இந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் தடை செய்வதால், நான் சாலையின் மறுபுறம் நின்று பார்த்ததோடு சரி. இத்தகைய நாட்களை வேறு நாடுகளில் கண்டவர்கள் தங்கள் இடத்தை எவ்வாறு வகுத்துக்கொண்டீர்கள்?

மறுமொழி (சிங்கப்பூர்)

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ 2015 மார்ச் 23 அன்று மறைந்தபோது நான் இங்கு வேலை அனுமதியில் இருந்தேன். நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்த உடலுக்கு அஞ்சலி செலுத்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். கூட்டம் பெருகியதால் இரவு முழுவதும் மக்களை அனுமதித்தார்கள். பாடாங் திடலில் வளைந்து வளைந்து நீண்ட வரிசையில், கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்களும் மணிக்கணக்கில் நின்றதைக் கண்டேன். எனக்கு முன்னால் நின்ற சீன மூதாட்டி, வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை என் பக்கமும் சாய்த்துக்கொண்டார். மன்னார்குடிப் பகுதியில் அஞ்சலிப் பதாகைகள் வைக்கப்பட்டதையும் இங்கே பலர் நெகிழ்ந்து பேசினர்.

துக்க வீட்டுக்கு அழைப்பு எதிர்பார்த்துப் போகும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பொதுத்தேர்தல் வந்தபோது நான் முற்றிலும் ஒதுங்கியிருந்தேன்; அதன் விளைவுகளைத் தலைமுறைகளாகச் சுமக்கப்போகிறவர்களே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி (லண்டன்)

முந்தைய நண்பரின் கருத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது குறித்து நடந்த வாக்கெடுப்பில், காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு வாக்குரிமை இருந்தது. பல ஆண்டுகளாக வரி கட்டி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்த என் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரருக்கு, தம் வாழ்வையே புரட்டிப்போடக்கூடிய அவ்விஷயத்தில் வாக்கில்லை. 51.9 விழுக்காட்டினர் விலக வாக்களித்ததாக மறுநாள் காலை அறிவிக்கப்பட்டபோது அவர் வாசலில் பேச்சற்று நின்றார். விளைவைச் சுமப்பவர் அவராக இருந்தும், சட்டம் என்னைத்தான் உள்ளே நிறுத்தியது. தென்கொரியாவிலும் நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்றாண்டு கடந்தவர்கள் 2006 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஆகவே சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள்; உங்கள் இடத்தை அதைக் கொண்டு மட்டும் அளக்க வேண்டாம்.

மறுமொழி (பூசான்)

கேட்டவர் குவாங்ஜூவைக் குறிப்பிட்டதால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1980 மே மாதம் அந்நகரம் முற்றுகையிடப்பட்டு, உள்நாட்டுச் செய்தித்தாள்கள் தணிக்கையில் ஊமையாகிக் கிடந்தபோது, அங்கு நடந்ததைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவர் யூர்கன் ஹின்ட்ஸ்பீட்டர் என்ற ஜெர்மானியச் செய்தியாளர். அவர் 2016இல் மறைந்த பின், அவருடைய தலைமுடியையும் நகத்துண்டுகளையும் அம்மக்கள் தங்கள் தியாகிகள் கிடக்கும் மண்ணிலேயே புதைத்தனர். சாலையின் மறுபுறம் நின்றேன் என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கண்டவற்றைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வையுங்கள்; கேள்விப்பட்டதை வேறாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆய்வகத் தோழர், அன்றிரவு தம் தாயார் சொன்னவற்றை எனக்கு விரிவாகச் சொல்ல இசைந்திருக்கிறார். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதிபரைப் பதவி நீக்கியது வரையிலான என் குறிப்புகளையும் சேர்த்து எழுதி, அவர் படித்து ஒப்பிய பிறகே வெளியிடுவேன்.