டெர்மினேட்டருக்கு ‘நிழல்கோடு’ வேண்டாமே, ‘அந்திக்கோடு’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். நிலால வெளிச்சப் பக்கமும் இருட்டுப் பக்கமும் பிரியற அந்தக் கோட்டுக்கு, அதாவது இங்கிலீஷ்ல ‘டெர்மினேட்டர்’ங்கறதுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கற கேள்விக்கு ‘நிழல்கோடு’ன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கீங்க. சொல் சின்னதா நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆறாவது ஏழாவது படிக்கற பிள்ளைங்க பாடத்துக்குன்னா தயவுசெஞ்சு வேண்டாம்.

பிறை ஏன் வருதுன்னு நான் கேட்ட வகுப்புல எல்லாம் முதல்ல வர்ற பதில் “பூமியோட நிழல் விழுது”ங்கறதுதான். போன வாரம் ஜன்னலெல்லாம் சாத்திட்டு ஒரே ஒரு பல்பைப் போட்டு, ஒரு பொண்ணு கையில வெள்ளைப் பந்தைக் குடுத்து, கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே மெதுவா சுத்தச் சொன்னேன். பந்துல பிறை வந்துச்சு, அப்புறம் அரை வட்டம். அங்க நிறுத்தி “இந்த இருட்டு எதோட நிழல்?”னு கேட்டா “என் தலை நிழல்”னு பட்டுனு சொல்லிட்டா. பல்பு அவளுக்குப் பக்கவாட்டுல இருக்கு, தலை நிழல் எதிர்ச் சுவர்ல கிடக்கு, அதைக் காட்டினதும் பந்தை இன்னொரு தடவை உத்துப் பார்த்துட்டு “அப்ப இது பந்தோட முதுகு, அங்க வெளிச்சமே படல”ன்னா. பல்புக்கு முதுகு காட்டி நின்னப்போதான் நெஜமாவே தலை நிழல் பந்து மேல விழுந்துச்சு, அது சந்திர கிரகணம். இப்படிப் பிரிச்சுக் காட்டின ரெண்டையும் ‘நிழல்கோடு’ங்கற ஒரு சொல் திரும்பக் குழப்பிவிட்டுரும்.

மத்த சொற்கள்ல ‘முடிப்பான்’ இங்கிலீஷ்ல இருந்து வெறும் சொல்லுக்குச் சொல். ‘ஒளியிருள் எல்லை’ தப்பில்ல, ஆனா அங்க என்ன நடக்குதுன்னு சொல்லாது. வளர்பிறைல நமக்குத் தெரியற அந்தக் கோட்டுல நிக்கறவங்களுக்கு சூரியன் உதிக்குது, தேய்பிறைல மறையுது. அதனாலதான் ‘அந்திக்கோடு’ன்னு கேக்கறேன். அந்தின்னா சாயங்காலம் மட்டும்னு இப்ப ஆயிடுச்சு, ஆனா காலை அந்தி மாலை அந்தி ரெண்டுமே புறநானூற்றுல இருக்கு.

நிலால காத்தே இல்லையே, செவ்வானம் ஏதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. ஆனா அங்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்ந்து 29.5 நாள், அதனால நிலாவோட நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியத் தட்டு முழுசா மேல வரவே ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். கோடு நகர்ற வேகமும் அங்க மணிக்கு சுமார் 15 கி.மீ. தான், சைக்கிள் வேகம். இதைச் சொன்னதும் பிள்ளைங்க கண்ணு விரியறதைப் பார்க்கணும்!

நிழல்ங்கற சொல்லை நாம வேற ஒண்ணுக்கு மிச்சம் வெச்சாகணும். வளர்பிறைல அரை நிலா தாண்டி ரெண்டு நாள்ல பைனாகுலர்ல பாருங்க, 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் கிண்ணக்குழி கோட்டுக்குப் பக்கத்துல வந்திருக்கும், விளிம்பு பளிச்சுன்னு, உள்ள ஒரு பக்கம் கருப்பா. அந்தக் கருப்புதான் நிழல், விளிம்போட நிழல். பௌர்ணமில வெளிச்சம் நேரா விழறதால அதெல்லாம் தட்டையாயிடும்.

உதயப் பக்கத்தைக் காலை அந்திக்கோடு, மறையற பக்கத்தை மாலை அந்திக்கோடுன்னு பிரிச்சுக்கலாம். எனக்கு ஒண்ணுதான் இடிக்குது, பூமில காத்து இருக்கறதால இது கோடா இல்லாம மங்கலான பட்டையா இருக்கு, அதுக்கும் இதே சொல் போதுமா, இல்ல ‘அந்திப்பட்டை’ன்னு தனியா வைக்கணுமா?