பிராங்க்பர்ட் – டப்ளின்: போக ஒரு மணி நேரம், வர மூன்று மணி நேரமா?

குழித்துறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மகன் பிராங்க்பர்ட்டில், மகள் டப்ளினில் நர்ஸ். மகளுக்குத் தலைப்பிரசவம். திருவனந்தபுரத்தில் ஏறி, மகன் வீட்டில் ஒரு வாரம், அப்புறம் டப்ளினில் ஒரு மாதம், திரும்ப மகன் வீடு வந்து ஊர். மகன் பார்த்து வைத்திருக்கும் டிக்கெட்டில் பிராங்க்பர்ட்டில் காலை 10.05-க்குக் கிளம்பினால் 11.15-க்கு டப்ளின். திரும்பும்போது பகல் 12 மணிக்குக் கிளம்பி மாலை 3 மணி என்று இருக்கிறது. நடுவில் எங்காவது இறக்கி ஏற்றுவார்களா? மனைவிக்கு முட்டுவலி. கொஞ்ச நேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலே எழுந்திருக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதுதான் கவலை.

பாறசாலைத் தம்பி:
அண்ணே, இரண்டுமே நேர் விமானம்தான். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். அயர்லாந்து கடிகாரம் ஜெர்மனியைவிட ஒரு மணி நேரம் பின்னால். நீங்கள் 11.15-க்கு இறங்கும்போது மகன் வீட்டுக் கடிகாரத்தில் 12.15. ஆக, போக 2 மணி 10 நிமிடம், வர 2 மணி. அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் மேலைக்காற்றால் வருவது, போகும்போது எதிர்க்காற்று. தூரம் ஏறத்தாழ 1,090 கி.மீ. நம்ம திருவனந்தபுரத்திலிருந்து மும்பை போவதைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

டிக்கெட்டில் விமான நிலையப் பெயரையும் பாருங்கள். பிராங்க்பர்ட்-ஹான் என்று இருந்தால் அது நகரத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி.

டப்ளின் நர்ஸ்:
மாமா, நேரத்தைவிட விசாவைப் பாருங்கள். ஜெர்மனிக்கு எடுப்பது ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. அயர்லாந்து ஷெங்கனில் கிடையாது, அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும். டப்ளினுக்குக் கிளம்பும்போதே ஜெர்மனியை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். மகன் வீட்டுக்குத் திரும்புவது இரண்டாவது நுழைவு. ஷெங்கன் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை 01 என்று இருந்தால் டப்ளினில் விமானம் ஏறவே விட மாட்டார்கள். 02 அல்லது மல்ட் (MULT, பல முறை) என்று இருக்க வேண்டும்.

அத்தைக்கு வீல்சேரை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள், காசு கிடையாது. நடைபாதை ஓர சீட் கேளுங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். பேறுகால மருந்துக்கு நெய் கட்டிக்கொண்டு வராதீர்கள். பால் பொருள் கொண்டுவர அனுமதி இல்லை. இங்கே கடையிலேயே கிடைக்கும்.

குழித்துறைக்காரன்:
மகளே, நீ நல்லா இருக்கணும். விண்ணப்பம் வியாழக்கிழமை கொடுக்க வேண்டியது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், எங்கள் இரண்டு பேருடையதிலும் 'ஒரு முறை' என்ற கட்டத்தில்தான் டிக் போட்டிருக்கிறது. போட்டவன் நான். மார்த்தாண்டம் போய்ப் புதிய படிவம் எடுத்து வருகிறேன். நெய்யை அவள் ஏற்கெனவே உருக்கி இரண்டு பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டாள். அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.