இரண்டு ஜேசன் கோப்பு போதுமாம். நாலாவது ஸ்லாஷை என்ன செய்வார்கள்?

கம்பைலர்தாசன்:
நேற்று அரைப்புள்ளி ஒரு பதிவு போட்டிருந்தார். அவர் அலுவலகத்தில் சென்சார் அளவுகளை எழுதி வைக்க ஒரு குட்டி மொழி வைத்திருக்கிறார்களாம். அதற்கு விஎஸ் கோட் எடிட்டரில் டாக் கமென்ட் (நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விளக்கக் குறிப்பு) ஆதரவு கொடுத்துவிட்டாராம். /// என்று தொடங்கினால் தனி நிறம். @அலகு, @வரம்பு என்று அவர்களே வைத்துக்கொண்ட குறிச்சொற்களுக்கு இன்னொரு நிறம். என்டர் தட்டினால் அடுத்த வரியிலும் /// தானாக வந்து நிற்கும். "ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை, இரண்டு ஜேசன் கோப்பு போதும், இதற்கெல்லாம் லாங்வேஜ் சர்வர் வெட்டிச் செலவு" என்று முடித்திருந்தார். (ஜேசன் என்பது அமைப்புகளை எழுதிவைக்கும் வெறும் உரைக் கோப்பு. லாங்வேஜ் சர்வர் என்பது நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு எடிட்டருக்குச் சொல்லும் தனி நிரல்.) கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

எனக்கு ஒரே கேள்வி. நாலு ஸ்லாஷ் அடித்தால் என்ன ஆகும்?

ரஸ்ட் மொழியில் சரியாக மூன்று ஸ்லாஷ் இருந்தால்தான் டாக் கமென்ட். நாலாவது வந்துவிட்டால் அது சாதாரண கமென்ட். சி ஷார்ப்பிலும் அப்படித்தான். டாக் கமென்ட்டை அடையாளம் காண இவர் எழுதிய பேட்டர்னோ "வரியின் தொடக்கம், இடைவெளி, பிறகு ///" என்பதோடு நின்றுவிடுகிறது. //// என்று எழுதினாலும் அதே நிறம் அடிக்கும், என்டர் தட்டினால் கூச்சமில்லாமல் மூன்று ஸ்லாஷைப் போடும். இதற்குப் பெயர் ஆதரவா?

அரைப்புள்ளி:
என் பதிவின் கீழேயே கேட்டிருக்கலாம். தனி மேடை போட்டுத்தான் கேட்க வேண்டும் என்றால் சரி, வருகிறேன்.

நிறத்துக்கு ஒரு டெக்ஸ்ட்மேட் இலக்கணக் கோப்பு, எந்த எழுத்து வரிசை எந்த வகை என்று சொல்வது. என்டருக்கு, மொழி அமைப்புக் கோப்பில் இருக்கும் "ஆன் என்டர் ரூல்ஸ்". முன்பெல்லாம் அந்த விதிகளை எக்ஸ்டென்ஷனின், அதாவது எடிட்டரில் சேர்க்கும் துணைக்கருவியின், நிரலுக்குள் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது ஜேசனிலேயே எழுதலாம். நான் சொன்னது இவ்வளவுதான். எங்கள் மொழியில் நாலு ஸ்லாஷ் யாரும் எழுதுவதில்லை.

கம்பைலர்தாசன்:
> நாலு ஸ்லாஷ் யாரும் எழுதுவதில்லை

யாரும் செய்யமாட்டார்கள் என்று விட்டதுதான் முதல் நாளே வந்து நிற்கும். ஒரு பகுதியைத் தற்காலிகமாக முடக்க கன்ட்ரோல் ஸ்லாஷ் அடிக்கவே மாட்டீர்களா? எல்லா வரிக்கும் முன்னால் ஸ்லாஷ் சேரும். உங்கள் /// அப்போது நாலாகிவிடும். முடக்கிவைத்த வரி டாக் கமென்ட் வேஷம் போட்டுக்கொண்டு பல்லிளிக்கும்.

மழைக்காக்கை:
தாசன் சார், கன்ட்ரோல் ஸ்லாஷ் சேர்ப்பது இரண்டு ஸ்லாஷ். இரண்டும் மூன்றும் ஐந்து. அதுவும் விஎஸ் கோட் இயல்பாக ஓர் இடைவெளி விட்டுத்தான் சேர்க்கும், அதாவது "// ///" என்று வரும். அந்த இடைவெளி அமைப்பை அணைத்துவைத்தால்தான் ///// என்று ஒட்டிக்கொண்டு வரும். நாலு எந்தக் கணக்கில் வந்தது?

கம்பைலர்தாசன்:
நாலோ ஐந்தோ, மூன்று இல்லை. அதுதானே என் வாதம்.

மழைக்காக்கை:
உங்கள் வாதம் நாலு. தலைப்பிலேயே நாலு என்றுதான் இருக்கிறது.

விம்_வாத்தியார்:
தம்பிகளா, இதையெல்லாம் விம்மில் ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கமென்ட்ஸ் என்று ஓர் அமைப்பு, ஃபார்மட் ஆப்ஷன்ஸில் ஆர் என்ற ஓர் எழுத்து. என்டர் தட்டினால் கமென்ட் முன்னொட்டு தானாக வரும். ஓ என்ற எழுத்தையும் சேர்த்தால், நார்மல் மோடில் ஓ அடித்துப் புது வரி திறக்கும்போதும் வரும். விம்மோடு வரும் ரஸ்ட் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள், கமென்ட்ஸ் பட்டியலில் // என்பதற்கு முன்னாலேயே /// இருக்கும். 1991-ல் வந்த எடிட்டர் இது. உங்கள் ஜேசன் அப்போது பிறக்கவே இல்லை.

அரைப்புள்ளி:
ஐயா, நான் செய்தது விஎஸ் கோட்டுக்கு. அலுவலகத்தில் எல்லாரிடமும் இருப்பது அதுதான். போன முறை டேப்பா ஸ்பேஸா என்ற விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து விம் பாடம் எடுத்தீர்கள். 60 பதிவு ஓடியது, கடைசிவரை டேப் பற்றி யாரும் பேசவில்லை.

விம்_வாத்தியார்:
டேப்தான் சரி. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

கம்பைலர்தாசன்:
வாத்தியாரே, உங்கள் விம் //// என்ற வரியில் என்டர் தட்டினால் என்ன போடும்?

விம்_வாத்தியார்:
//// என்று எவன் எழுதுகிறான்?

கம்பைலர்தாசன்:
அவ்வளவுதான். எல்லாருக்கும் இதே பதில்.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்கிறேன். டெக்ஸ்ட்மேட் இலக்கணம் ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். ரெஜெக்ஸுக்கு, அதாவது எழுத்து வரிசையைப் பொருத்திப் பார்க்கும் பேட்டர்னுக்கு, உங்கள் நிரலின் அமைப்பு தெரியாது. /// எதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, கீழே இருப்பது ஃபங்ஷனா, அதற்கு எத்தனை பராமீட்டர், எதுவும் தெரியாது. விஷுவல் ஸ்டுடியோவில் சி ஷார்ப் எழுதும்போது மூன்றாவது ஸ்லாஷ் விழுந்ததும் சம்மரி, பாரம், ரிட்டர்ன்ஸ் என்று முழுக் கூடும் வந்து நிற்கிறதே, அது ரெஜெக்ஸா? பின்னால் கம்பைலரே உட்கார்ந்து நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறது. ரஸ்ட்டின் லாங்வேஜ் சர்வரான ரஸ்ட் அனலைசரைப் பாருங்கள். என்டர் சாவிக்கென்றே லாங்வேஜ் சர்வரிடம் தனியாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். சாவியை நீங்களே அதோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்காதா?

எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் 2016-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து அறிவித்தார்கள். அதன் 3.16 பதிப்பில் செமான்டிக் டோக்கன் (எந்தச் சொல் என்ன வகை என்று சர்வரே சொல்வது) வந்தபோது "டாக்குமென்டேஷன்" என்று ஒரு மாடிஃபையரையே, அதாவது கூடுதல் அடையாளத்தையே, வைத்தார்கள். இது டாக் கமென்ட், இது இல்லை என்று மொழியை அறிந்த ஒருவர் சொல்வதற்காக வைத்தது. அதை வெட்டிச் செலவு என்கிறார் நம் நண்பர். நாலாவது ஸ்லாஷ் சும்மா வந்த கேள்வி இல்லை ஐயா.

அரைப்புள்ளி:
அதே ரஸ்ட் அனலைசர் விஎஸ் கோட்டில் தானாகச் செய்வது என்ன தெரியுமா? நான் சொன்ன அதே ஆன் என்டர் ரூல்ஸ்தான். "புது வரியில் கமென்ட்டைத் தொடர்" என்று அமைப்பிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்தத் தனிக் கோரிக்கை, சாவியை இணைத்தவர்களுக்கு மட்டும். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்கள்.

கம்பைலர்தாசன்:
விழுங்கவில்லை. சாவியை நீங்களே இணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். அந்தப் பெட்டிக்கும் உங்கள் பேட்டர்னில் இருக்கிற ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்? //// அடித்தால் என்ன ஆகும்? நாலாவது முறையாகக் கேட்கிறேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சொல்வேந்தன்:
இவ்வளவு நேரமாக "ஸ்லாஷ்" "ஸ்லாஷ்" என்று எழுதுகிறீர்களே, சாய்கோடு என்று அழகான சொல் இருக்கும்போது எதற்கு இது? "டாக் கமென்ட்" என்பதை ஆவணக் குறிப்பு எனலாம்.

மழைக்காக்கை:
கோடு என்றால் இங்கே பாதிப் பேர் நிரல் என்று படிப்பார்கள். "என் கோட்டில் நாலு கோடு" என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

சொல்வேந்தன்:
நிரலை நிரல் என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

கம்பைலர்தாசன்:
சாய்கோடோ ஸ்லாஷோ, எத்தனை என்பதுதான் இங்கே கேள்வி.

பொறுமைசாலி:
நடுவில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? நாங்கள் ஜாவா எழுதுகிறோம். 2024 செப்டம்பரில் வந்த ஜாவா பதிப்பான ஜேடிகே 23-ல் இருந்து /// என்று எழுதினால் மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் எழுத்துமுறை) டாக் கமென்ட். அதற்கு முன் அதே /// சாதாரண கமென்ட். எங்களிடம் இரண்டு புராஜெக்ட், ஒன்று 17-ல் நிற்கிறது, இன்னொன்று 23-க்குப் போய்விட்டது. பழைய கோப்புகளில் அலங்காரத்துக்கு /// போட்டு வைத்த வரிகள் நிறைய இருக்கின்றன. நிறம் கொடுக்கிற கோப்புக்கு எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரியும்?

மழைக்காக்கை:
இந்த இழையில் முதல் உருப்படியான கேள்வி. இலக்கணக் கோப்புக்குத் தெரியாது. பதிப்பை அறிந்த ஒன்று சொன்னால்தான் உண்டு.

இதை ஒட்டி ரஸ்ட்டில் இன்னொன்று. ஃபங்ஷனுக்குள் கடைசியில், கீழே எதுவும் இல்லாத இடத்தில் /// எழுதிப் பாருங்கள். மூன்றே ஸ்லாஷ்தான், கணக்கு சரி. ஆனால் ஈ0585 என்ற பிழை வரும், "எதையும் ஆவணப்படுத்தாத டாக் கமென்ட்" என்று. ரெஜெக்ஸ் அதற்கும் அழகாக நிறம் அடித்துவிட்டுப் போகும். தாசன் சார், நாலாவது ஸ்லாஷை விட்டுவிட்டு இதைப் பிடித்திருந்தால் எப்போதோ ஜெயித்திருப்பீர்கள்.

கம்பைலர்தாசன்:
நான் எதைப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நாலாவது ஸ்லாஷுக்குப் பதில் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

அரைப்புள்ளி:
எங்கள் மொழியில் ஃபங்ஷனே கிடையாது! பெயர், மதிப்பு, அலகு. வரிக்கு ஒன்று. அதற்கு எதற்கு நிரலின் அமைப்பை மரமாகக் கட்டி, சர்வர் ஓட்டி? போன மாதம் ஒரு சென்சாரின் அலகை மில்லிவோல்ட் என்று எழுதாமல் வோல்ட் என்று எழுதிவிட்டார்கள், சோதனைக்கூடத்தில் அரை நாள் போயிற்று. @அலகு கண்ணில் பட்டிருந்தால் அது நடந்திருக்காது. அதற்காகச் செய்தது இது. இரண்டு மணி நேர வேலை.

கம்பைலர்தாசன்:
இரண்டு மணி நேரம் என்பது தெரிகிறது.

மழைக்காக்கை:
எனக்கு இன்னொரு சந்தேகம். எக்ஸ்டென்ஷனில் என்ன இருக்கிறது என்று எடிட்டருக்குச் சொல்லும் பேக்கேஜ் ஜேசன் கோப்பு இல்லாமல் அது எப்படி ஏறும்? இலக்கணம் ஒன்று, மொழி அமைப்பு ஒன்று, பேக்கேஜ் ஒன்று. மொத்தம் மூன்று. ஒருவருக்கு ஸ்லாஷ் எண்ணத் தெரியவில்லை, இன்னொருவருக்குக் கோப்பு எண்ணத் தெரியவில்லை.

அரைப்புள்ளி:
பேக்கேஜ் ஜேசன் எல்லா எக்ஸ்டென்ஷனிலும் இருப்பது. அதை யாரும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

கம்பைலர்தாசன்:
ஆகா. கோப்பையும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஸ்லாஷையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மழைக்காக்கை:
தாசன் சாரின் கோபத்துக்குப் பின்கதை தெரியாதவர்களுக்காக: போன வருடம் இவர் தன் அலுவலக மொழிக்கு ஆறு மாதம் உட்கார்ந்து லாங்வேஜ் சர்வர் எழுதினார். இங்கே ஒன்பது பாகமாகத் தொடரும் போட்டார். அதை யாரும் நிறுவவில்லை என்று ஒன்பதாவது பாகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

கம்பைலர்தாசன்:
இரண்டு பேர் நிறுவினார்கள். அதையும் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு பேரிடமும் போய் //// அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண கமென்ட்டாகத்தான் வரும்.

பொறுமைசாலி:
ஜாவாவுக்கு யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

கிணற்றடி:
சி++ ஆட்கள் யாராவது இருந்தால்: மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷனில் "கமென்ட் கன்டினுவேஷன் பேட்டர்ன்ஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. என்டர் தட்டினால் எதைத் தொடர வேண்டும் என்பதை அதில் எழுதினால் போதும். இயல்பாக /** மட்டும் இருக்கும், /// சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷனே எழுத வேண்டாம். அப்புறம், அரைப்புள்ளியின் பேட்டர்ன் வரியின் தொடக்கத்தை மட்டும் பார்க்கிறது. கமென்ட்டிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜனில் மாறிக்குப் பின்னால், அதே வரியில் ///< என்று எழுதுவோமே, அதற்கு நிறம் வராது.

சொல்வேந்தன்:
மாறி என்று எழுதிய கிணற்றடிக்கு என் வணக்கம்.

விம்_வாத்தியார்:
///< எல்லாம் சோம்பேறிகளின் வேலை. மேலே ஒரு வரி எழுதக் கை வலிக்கிறதா?

கிணற்றடி:
நான் பத்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். ஸ்ட்ரக்டில் 30 உறுப்பு இருந்தால் 60 வரி ஆக்கச் சொல்கிறீர்களா?

விம்_வாத்தியார்:
30 உறுப்பு இருந்தால் பிரச்சினை கமென்ட்டில் இல்லை.

கம்பைலர்தாசன்:
திசை திருப்பாதீர்கள். ஆதாரத்தோடு வந்திருக்கிறேன். அரைப்புள்ளியின் எக்ஸ்டென்ஷனை இறக்கி நானே சோதித்தேன். மூன்று ஸ்லாஷ்: பச்சை. நாலு ஸ்லாஷ்: பச்சை. ஏழு ஸ்லாஷ்: பச்சை. வரி முழுக்க ஸ்லாஷ் போட்டுத் தடுப்புச்சுவர் மாதிரி ஒன்று வரைந்தேன், அதுவும் பச்சை. அதன் முடிவில் என்டர் தட்டினால் அடுத்த வரியில் பவ்யமாக மூன்று ஸ்லாஷ். படம் பிடித்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் போடுகிறேன்.

அரைப்புள்ளி:
வெட்டிச் செலவு என்று சொல்பவரின் எக்ஸ்டென்ஷனை நிறுவி, ஏழு ஸ்லாஷ் அடித்து, படமும் பிடித்திருக்கிறீர்கள். நேரம் நிறைய இருக்கிறது போல.

எக்ஸ்டென்ஷனின் புதுப் பதிப்பு 0.0.4 போட்டிருக்கிறேன். மாற்றங்கள்: சிறு திருத்தங்கள்.

கம்பைலர்தாசன்:
சிறு திருத்தங்களா? கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேட்டர்னின் கடைசியில் "அடுத்த எழுத்து ஸ்லாஷாக இருக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை புதிதாக முளைத்திருக்கிறது. நேற்றுவரை அது இல்லை. யார் சொல்லி வந்தது?

அரைப்புள்ளி:
அது நாலு ஸ்லாஷுக்காக இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் கன்ட்ரோல் ஸ்லாஷின் இடைவெளியை அணைத்துவைத்திருக்கிறார், அவருக்கு ஐந்து வருகிறது. அதற்காகச் சேர்த்தது. வேண்டுமானால் மழைக்காக்கைக்கு நன்றி சொல்கிறேன்.

கம்பைலர்தாசன்:
ஐந்துக்குள் நாலு இருக்கிறது.