ரோஜர் இங் வழக்கில் ஜூரி, எஸ்ஆர்சி வழக்கில் ஏன் இல்லை?

பிரிக்பீல்ட்ஸ்_வாசகி:
வணக்கம். மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பணம் சுருட்டப்பட்ட விவகாரத்தில், கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் முன்னாள் அதிகாரி ரோஜர் இங் குற்றவாளி என்று 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் புரூக்ளினில், பொதுமக்களிலிருந்து எடுத்த 12 பேர் ஜூரி சொன்னது. முன்னாள் பிரதமர் நஜிப் மீதான எஸ்ஆர்சி (1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனம்) வழக்கை கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் ஒரே நீதிபதி விசாரித்தார். ஏன் இந்த வித்தியாசம்? கடன் பத்திரம், வங்கிக் கணக்கெல்லாம் சாதாரண ஆட்களுக்கு எப்படிப் புரியும்?

தஞ்சோங்_சட்டம்:
மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்தது. அதற்கு முன்பும் கடைசிக் காலத்தில் மரண தண்டனை வழக்குகளில் மட்டும்தான் 7 பேர் அமர்ந்தார்கள். ஆகவே, 42 மில்லியன் ரிங்கிட் சம்பந்தப்பட்ட எஸ்ஆர்சி வழக்கு அப்போதும் அவர்களிடம் போயிருக்காது. நீதிபதி விசாரித்தால் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவார், அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டில் வாதாடலாம். ஜூரி காரணம் சொல்வதில்லை. எனக்கு நம் முறையே மேல் என்று படுகிறது.

சாட்சிக்கூண்டு:
வாசகி, கணக்காளராக இருக்கவே வேண்டாம். சட்டத்தை நீதிபதி விளக்குவார், நடந்தது எது என்பதை மட்டும் ஜூரி முடிவு செய்யும். இங்கே கேள்வி ஒன்றுதான்: ரோஜர் குடும்பத்துக்கு வந்த 35 மில்லியன் டாலர் லஞ்சப் பங்கா, பழைய முதலீட்டுப் பணமா? லஞ்சப் பங்கு என்றார் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, வங்கியில் ரோஜரின் மேலதிகாரியாக இருந்த டிம் லைஸ்னர். அவர் தன் குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர், பல பொய் சொன்னதையும் கூண்டிலேயே ஏற்றவர். அதனால் அவர் பேச்சை மட்டும் நம்பாமல், பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்குப் போனது என்ற தாள்களோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டது ரோஜருக்கு எதிரான சான்றாகாது.

3 குற்றச்சாட்டுக்கும் தனித்தனி முடிவு, ஒவ்வொன்றிலும் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் கடைசிவரை மறுத்தாலும் அந்தக் குற்றச்சாட்டில் தீர்ப்பில்லை, அரசு மறுவிசாரணை கேட்கலாம். சந்தேகம் வந்தால் சீட்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்புவார்கள். சாட்சியத்தின் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கவும் முடியும்.

கெடுவது பெரும்பாலும் கைப்பேசியால்தான். 1எம்டிபி என்று தட்டினால் நீதிமன்றத்துக்கே வராத செய்தியெல்லாம் கொட்டும். அதைப் படித்த ஜூரரை நீக்கி மாற்று ஜூரரை அமர்த்துவார்கள். மற்றவர்களிடமும் சொல்லியிருந்தால் விசாரணையே செல்லாமல் போகலாம்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசகி:
நன்றி. ரோஜருக்கு 10 வருடச் சிறையும் ஜூரி கொடுத்ததா?

சாட்சிக்கூண்டு:
இல்லை. அது 2023 மார்ச்சில் நீதிபதி மார்கோ புரோடி விதித்தது. குற்றவாளியா இல்லையா என்று சொன்னதும் ஜூரியின் வேலை முடிந்தது.